எந்தப் பூங்காவில் நான் தாத்தா?

என் மகனுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. சில இடங்களில் அழுத்தி எழுதித் தாளே கிழிந்துவிட்டது. மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் மண்வெட்டி மாதிரிதான் பிடிக்கிறது. ஆனால் இதை எழுதுவது உன் அப்பனேதான். டீக்கடையில் யாரையும் கெஞ்சிக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. பூ மார்க்கெட் கணக்குப்பிள்ளைக்கு வெற்றிலை வாங்கிக் கொடுக்கவில்லை. என் வாயில் வந்த சொல் என் கை வழியாகவே தாளில் இறங்குகிறதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வருகிறது. சிரிக்கும்போது கை ஆடுகிறது. கோணலுக்கு அதுவும் ஒரு காரணம்.

உன் அம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். "இம்புட்டு நேரமா ஒரே பக்கத்துல நிக்கிறீகளே, நான் வெஞ்சனம் வச்சு எறக்கிருவேன் போல" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும். இந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. மகனுக்கு நல்ல வார்த்தையாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாள். அவள் படிக்கத் தெரியாதவளாக இருப்பது இன்றைக்கு உனக்கு அதிர்ஷ்டம்.

போன வாரம் வந்த உன் கடிதத்தை நானே படித்தேன். மோட்டார் போட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, பாத்தி நிறைந்து தண்ணீர் வழிந்து போகிற வரைக்கும் படித்தேன். வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் புதிதாகத் தோட்டம் போடப் போகிறார், போன தடவை வந்த அந்தப் பெரியவரை வரச் சொல்லுங்கள் என்கிறார், மாட்டேன் என்று சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது, பத்து நாள் மட்டும் வந்து போங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறாய். பேத்தி ப்ரியா என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்குக்குப் போகலாம் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் உனக்குப் பதில் எழுதியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. குழந்தை குட்டியோடு குடும்பமாகப் போக மெட்ராஸில் எந்தப் பூங்கா நல்லது என்று உன் ஆபீசில் யாராவது கேட்டால் தயங்காமல் இந்தக் கடிதத்தைக் காட்டு. அந்த ஊர்ப் பூங்காக்களை என்னைப் போலப் பார்த்தவன் இன்னொருவன் இருக்க மாட்டான்.

முதலில் உன் தெருமுனையில் இருக்கிற பூங்கா. சித்திரை மாதம், நம் தோட்டத்து மல்லிகை உச்சத்தில் இருக்கும்போது நான் வந்தேன். பேத்தியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று நான் முனகுவதைக் கேட்டுவிட்டு, "பூவை நான் பறிச்சுக்கிறேன், நீங்க போயிப் புள்ளையப் பாத்துட்டு வாங்க" என்று உன் அம்மாதான் அனுப்பினாள். வந்த மறுநாள் விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டது. பூக்காரனுக்கு அந்த நேரத்தில் படுத்திருக்க உடம்பு கேட்காது. தெருவில் இறங்கி நடந்தேன். பூங்கா கதவு திறந்திருந்தது. உள்ளே போனால் வரிசை வரிசையாக மல்லிகைச் செடி. செடி முழுக்க மொட்டு. பறிக்க ஆள் இல்லை. பாதி மொட்டு செடியிலேயே வாய் பிளந்து கிடந்தது.

நம் பக்கத்து வழக்கம் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் மொட்டுப் பறிக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். காய்ச்சலோ, சாவோ. பக்கத்துத் தோட்டத்துக்காரன் யாரும் கேட்காமலே இறங்கிப் பறித்து, அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். உன் அப்பத்தா செத்த அன்றைக்கு நம் மொட்டும் அப்படித்தான் வாசலுக்கு வந்தது. அந்த நினைப்பில் துண்டை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு வரிசை பறித்து முடித்து, மடி கனத்து, இதை யாரிடம் ஒப்படைப்பது என்று காவல்காரன் அறையைப் பார்த்து நடந்தேன். அதற்குள் அவனே ஓடி வந்தான்.

"யோவ் பெருசு! இன்னா தில்லு இருந்தா மடி கட்டிப் பூ பறிப்ப? அம்மாம் பெரிய போர்டு கண்ணுக்குத் தெரில?"

"போர்டு தெரியுது அப்பு. அதுல என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியல."

"எந்த மார்க்கெட்டுல விக்கப் போற?"

"விக்கவா? ஒனக்குத்தானப்பா பறிச்சாந்தேன். ஏம்ப்பா, வீட்ல ஏதும் துக்கமா?"

ஆறுதலாகத்தான் கேட்டேன். அவனுக்கு அது சாபமாகக் கேட்டது. "காலங்காத்தால என் வூட்ல எழவான்னா கேக்குற?" என்று கழுத்தோடு சேர்த்துச் சட்டையைப் பிடித்தான். மடி அவிழ்ந்து மொட்டெல்லாம் காலடியில் கொட்டியது. நடை போட வந்தவர்கள் கூடிவிட்டார்கள். கழுத்தில் துண்டு சுற்றி, வெள்ளை ஷூ போட்ட ஒரு பெரிய மனிதர் முன்னால் வந்து நின்றார். அவர்தான் உன் வீட்டுக்காரர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். ஒரு கையில் பால் பாக்கெட், இடுப்பில் ப்ரியா. உன்னைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. குழந்தை என்னைப் பார்த்து, "தாத்தா!" என்று கத்திக் கையை நீட்டியது. வீட்டுக்காரர் உன் பக்கம் திரும்பி, "என்ன சார், உங்களுக்கு வேண்டியவரா?" என்றார். நீ என் வேட்டியைப் பார்த்தாய். காலடியில் கிடந்த மொட்டைப் பார்த்தாய். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எங்க தோட்டத்துல வேலை செய்யற ஆளு சார். ஊர்லேர்ந்து தேங்காய் கொண்டாந்தான். படிப்பறிவு கிடையாது. பெரிய மனசு பண்ணி விட்டுருங்க."

"குழந்தை தாத்தாங்குதே?"

"வயசானவங்க எல்லாரையும் அப்படித்தான் சார் கூப்பிடும்."

காவல்காரன் என் கழுத்தை விட்டுவிட்டான். உன்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டான். அவன் பிடித்த பிடி அன்றைக்கே மறந்துபோயிற்று, அவனுக்கு என்னைத் தெரியாது. திரும்பி வரும்போது, சந்து திரும்பியதும், மெதுவாகச் சொன்னாய். வீடு பார்க்க வந்தபோது அப்பா பெரிய பண்ணையார், நூறு ஏக்கர் தோட்டம் என்று சொல்லி வைத்திருந்தாயாம். அந்த மனிதர் அப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் வீடு கொடுப்பாராம். "தப்பா எடுத்துக்காதீங்கப்பா, ரெண்டு நாளைக்குத்தான்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். நம்மிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர். பண்ணையாரும் நானே, பண்ணையாளும் நானே. ஒரே ஆள் இரண்டு உத்தியோகம் பார்ப்பது மெட்ராஸில் நடக்கிற காரியம்தான் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் என்றாய். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார். "உங்க ஆளு சும்மாத்தானே இருக்கான், கிணத்தடியில புதர் மண்டிக் கிடக்கு, வெட்டிச் சுத்தம் பண்ணட்டுமே." நீ ஒரு மூச்சுகூடத் தயங்கவில்லை. "தாராளமா சார்" என்றாய். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்று நாள் வெட்டினேன். புதர் முடிந்ததும் தென்னங்கன்றுக்குக் குழி. குழி முடிந்ததும் செங்கல் அடுக்குவது. வேலை எனக்குப் பழக்கம், அதில் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் வீட்டுக்காரரின் மனைவி பின்வாசல் படியில் அலுமினியத் தட்டில் சோறு வைப்பார்கள். "கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போப்பா" என்பார்கள். மேலே நம் வீட்டு ஜன்னலில் குக்கர் விசில் கேட்கும், என் மகன் வீட்டுச் சாம்பார் வாசம் இறங்கி வரும், நான் கீழே உட்கார்ந்து மோருக்குக் காத்துக்கொண்டிருப்பேன். உன் மனைவி ஒரு நாள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வந்து, "மாமா, மேல வரும்போது பின்பக்கப் படியா வந்துருங்க மாமா, முன்னாடி அவர் உக்காந்திருக்கார்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். உன் வீட்டில் அழுதது அவள் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, பேச்சுப் பிரியர். ஈஸிசேரைக் கிணற்றடிக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "உங்க முதலாளி எப்படிப்பா, நல்ல மாதிரியா?" என்று கேட்டார். "தங்கமானவருங்கய்யா. மகனை வளக்கத்தான் தெரியல" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாடியில் நீ பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருமுனைப் பூங்கா இனி ஆகாது என்று கிண்டியில் இருக்கிற சிறுவர் பூங்காவுக்குக் கிளம்பினோம். மாம்பலத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். நல்ல பூங்கா, நான் குறை சொல்ல மாட்டேன். மான் இருக்கிறது, மயில் இருக்கிறது, பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, ஊஞ்சல், சறுக்கு மரம், உட்கார நிழல். குழந்தை உள்ள குடும்பத்துக்கு ஒரு பொழுது போவதே தெரியாது. அதன் வாசலில்தான் ப்ரியா என் விரலைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"இந்தப் பார்க்ல நீ தாத்தாவா, தோட்டக்காரரா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எந்த விளையாட்டுக்கும் முறை தெரிந்துகொண்டுதானே பிள்ளைகள் ஆடும். நான் உன்னைப் பார்த்தேன். நீயும் விளையாட்டுப் போலவே பதில் சொன்னாய். "இங்க தாத்தா. ஆனா நம்ம தெரு ஆன்ட்டி யாராச்சும் வந்தா தோட்டக்காரர். சரியா?" அது தலையை ஆட்டியது. கெட்டிக்காரக் குழந்தை. மான் கம்பிக்குப் பக்கத்தில் உன் எதிர்வீட்டு அம்மா வந்ததை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது பார்த்துவிட்டது. என் மடியிலிருந்து சரசரவென்று இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தோட்டக்காரரே, தண்ணி பாட்டில் குடு" என்றது. அதே குரல், அதே வேகம். உன் வீட்டுக்காரரின் மனைவி என்னைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. நான் எழுந்து நின்று கொடுத்தேன். அந்த அம்மா போன பிறகு குழந்தையைத் தூக்கிச் சுற்றி, "சமத்து" என்று முத்தம் கொடுத்து ஐஸ் வாங்கித் தந்தாய். அதில் ஒரு வாய் அது எனக்குக் கொடுத்தது. இனித்தது என்றுதான் எழுத வேண்டும்.

தியாகராய நகர்ப் பக்கம் ஒரு பூங்காவுக்கும் ஒரு சாயங்காலம் கூட்டிப்போனாய். மரம் அடர்த்தி. ரேடியோ வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தியும் பாட்டும் போடுகிறார்கள். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கேட்கிறார்கள். உட்கார்ந்து கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது உன் தெருவுக்கு நடக்கிற தூரம். நீங்கள் மூன்று பேரும் ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. பாட்டு இரண்டு பெஞ்சுக்கும் ஒரே மாதிரி கேட்டது, அதில் குறைவில்லை.

எல்லாவற்றிலும் உயர்ந்தது வண்டலூர். அதை விட்டுவிடாதே, யார் கேட்டாலும் அதையே சொல். காடு மாதிரி விரிந்த இடம், புலி, யானை, பேர் தெரியாத பறவை. நடந்து கால் கடுத்தாலும் மனசு கடுக்காத இடம். அங்கே உன் தெருக்காரர்கள் யாரும் வர மாட்டார்கள் என்று உனக்கு எப்படியோ நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வாசலில் ப்ரியா வாயைத் திறக்கும் முன்னாலேயே, "இங்க முழுசா தாத்தா" என்றாய். உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நீ என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். "அப்பா, இங்க பாருங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் புலியே திரும்பிப் பார்த்தது. மர நிழலில் துணி விரித்து, உன் மனைவி தான் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை எனக்குத்தான் முதலில் வைத்தாள். நீ இலையில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, "சாப்டுங்கப்பா" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, "பெரியவர் உங்க அப்பாவா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, திண்டுக்கல் பக்கம், விவசாயம்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்துக் குழி வெட்டியிருப்பேன்.

திரும்பி வரும் ரயிலில் ப்ரியா என் தோளில் தூங்கிவிட்டாள். வாயோரம் எச்சில் ஒழுகி என் சட்டை நனைந்தது. தாம்பரம் வரைக்கும் நீ பேசிக்கொண்டு வந்தாய். பல்லாவரத்தில் பேச்சு குறைந்தது. கிண்டியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மாம்பலத்தில் இறங்கியதும், தூங்குகிற பிள்ளையை என் தோளிலிருந்து எடுத்து உன் தோளில் போட்டுக்கொண்டு, பாத்திரப் பையை என்னிடம் நீட்டினாய். பிள்ளை இருந்த தோளில் பையைப் போட்டுக்கொண்டு உனக்குப் பின்னால் நடந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. பூங்கா எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு நான் உன் அப்பன். அதனால் யார் கேட்டாலும் இப்படிச் சொல்: குடும்பத்தோடு போக நல்ல பூங்கா வேண்டுமானால் மரம் இருக்கிறதா, ஊஞ்சல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டாம், வீட்டுக்காரர் அங்கே நடை போட வருவாரா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஊருக்குக் கிளம்பிய அன்று வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, அவர் போட்டுப் பழகிய சட்டை ஒன்றைக் கொடுத்தார். நல்ல துணி, ஒரே ஒரு பித்தான் இல்லை. நான் கையை நீட்டாமல் நின்றேன். நீ பக்கத்தில் நின்று, "வாங்கிக்கோப்பா, அய்யா ஆசையா குடுக்கறார்" என்றாய். வாங்கிக்கொண்டேன். ஊர் வந்ததும் உன் அம்மா பையைத் திறந்து பார்த்து, நீதான் எடுத்துக் கொடுத்தாய் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பித்தான் தைத்தாள். தெருவெல்லாம் காட்டினாள். இப்போது யார் வீட்டுக் கல்யாணமானாலும், "எம் மகன் எடுத்துக் குடுத்த சட்டையப் போட்டுக்கங்க" என்று எடுத்து வைக்கிறாள். போட்டுக்கொண்டு போகிறேன். இந்த வரியை எழுதும்போதுகூட, "சட்டையப் பத்தி எழுதுனீகளா? நல்லா இருக்குன்னு எழுதுங்க" என்கிறாள். சட்டை நன்றாக இருக்கிறது.

வந்த மறு வாரமே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுக்கிற அம்மா, முதலில் என்ன எழுதப் பழக ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். எல்லோரும் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நான், "பூப் பறிக்கக் கூடாதுன்னு எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டேன். களவு போகிற தோட்டம் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினார்கள். நான் அதைப் பார்த்து ஒரு தகரத்தில் எழுதி நம் தோட்டத்தில் கட்டிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள் உன் அம்மா. படித்துக் காட்டினேன். "நம்ம தோட்டத்துல நம்மளே பறிக்கக் கூடாதா? ஒங்களுக்கு மெட்ராஸ் போயி வந்ததுலருந்து என்னமோ ஆகிப்போச்சு" என்றாள். ஆகிப்போனது உண்மைதான். அதன் பிறகு என் கண் ஓயவில்லை. திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பூ மார்க்கெட் போய்ச் சேருவதற்குள் பிரியாணிக் கடை போர்டு, பூட்டுக் கடை போர்டு, சினிமாச் சுவரொட்டி எல்லாவற்றையும் நின்று படித்துவிட்டுத்தான் போகிறேன். பூ வாடுகிறது என்று கமிஷன் கடைக்காரர் திட்டுகிறார். திட்டட்டும், அவர் கடைப் பெயரையும் படித்துவிட்டேன்.

உன் அம்மா சொல்வதையும் எழுதச் சொல்கிறாள். தை பிறந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாயாம். ஆத்தூர் அணைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட வேண்டுமாம். பேத்திக்குத் தன் கையால் ஊட்ட வேண்டுமாம். "எம் பேத்திக்கு என்னைய அடையாளம் தெரியுமான்னு கேளுங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன். அணைக்கரையில் அவள் அப்பத்தாவா, பூக்காரியா என்று வாசலிலேயே ப்ரியாவுக்குச் சொல்லி வைத்து அழைத்து வா. இதை உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஆனால் அவளும் வகுப்பில் சேருகிறேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் என்னைவிடச் சூட்டிகை. இந்தக் கடிதத்தை எங்கேயும் விட்டு வைக்காதே.

இனி உன் கடிதத்துக்குப் பதில். தோட்டக்காரராக நான் வர மாட்டேன். குழி வெட்ட வேண்டுமானால் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த மகன் ஒருவன் மாடியிலேயே குடியிருக்கிறான், சின்ன வயதில் நம் தோட்டத்தில் என்னோடு வெட்டியவன்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல். வீடு போய்விடும் என்று பயமாக இருந்தால் வண்டலூர்ப் பக்கம் வீடு பார். அங்கே என்னை அப்பா என்று கூப்பிட்டு உனக்கு ஏற்கெனவே பழக்கம். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது, அது கிடக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழந்தை எந்தப் பூங்கா வாசலிலும் நின்று என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதைப் பழக்கியது நீ. அதை அழிக்க வேண்டியவனும் நீ. அது வளர்ந்து, உன்னை அப்பா என்று சொல்ல வெட்கப்படுகிற ஒரு நாள் வந்தால், யார் முன்னால் உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அதற்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ப்ரியா பள்ளிக்கூடம் போகிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நானும் அவளும் இப்போது ஒரே வகுப்பு. அதனால் இந்த வாரம் உனக்குக் கவரில் ஒட்டி அனுப்புகிறேன், அடுத்த வாரம் அவளுக்கு எழுதுவேன். அது கார்டு. தபால்காரர் எல்லாக் கார்டையும் கீழ் வீட்டில்தான் கொடுக்கிறார், வீட்டுக்காரரின் மனைவி ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார்கள் என்று நீதான் அன்றைக்கு அலுத்துக்கொண்டாய். நல்லது, படிக்கட்டும். குழந்தைக்குப் புரிகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தாக, கோணல் இல்லாமல் எழுதுவேன். "ப்ரியா கண்ணு, எல்லாப் பார்க்கிலும் நான் உன் அப்பாவைப் பெத்த தாத்தாதான்." அவ்வளவுதான் எழுதப் போகிறேன். என் கைக்கு அதை நேராக எழுதி முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். கீழே இறங்கிப் போய் நீயாகவே சொல்வதற்கு உனக்கும் அதே ஒரு வாரம்தான் இருக்கிறது.

அப்பா